பவளத்துக்கும் ஒரு திண்ணை வேண்டும்

அழகைக் கண்ட மனிதன் அதனை வீட்டுக்குக் கொண்டுவர விரும்புகிறான். கிளியைக் கூண்டில் வைத்தான். மல்லிகையைத் தொட்டியில் வைத்தான். மீனைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டான். இன்று கடலடியில் இருக்கும் பவளத்தையே கூடத்தில் கொண்டுவந்து வளர்க்கிறான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சப்பானிலும் சிங்கப்பூரிலும் இது ஒரு பெரும் பொழுதுபோக்கு. நம் நாட்டிலும் இதில் நாட்டங்கொண்டோர் பெருகி வருகின்றனர்.

கடலையே காணாத இந்த வடநாட்டு ஊரில் உட்கார்ந்துகொண்டு பவளத்தைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். விலங்கியல் பயிலும் மாணவன் நான். அது ஒரு காரணம். நம்மில் பலர் நாளை வேலைக்கென்று வெளிநாடு செல்வோம். கையில் நாலு காசு சேர்ந்ததும் இத்தகைய தொட்டி ஒன்றை வைக்க ஆசைப்படுவோம். அது மற்றொரு காரணம். இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். பவளம் கல் அன்று, செடியும் அன்று, அது விலங்கு. ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாழும் குடியிருப்பு அது. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு சமைத்துத் தருகின்றன. அப்படிப்பட்ட உயிரைக் கடையிலிருந்து வாங்கி வரும்போது, அது மட்டும் தனியே வருவதில்லை. அதன்மேல் புழு வருகிறது, நத்தை வருகிறது, முட்டை வருகிறது, பாசி வருகிறது, மீனுக்கு நோய் தரும் நுண்ணுயிரும் சில வேளை வருகிறது. ஒருவரை அழைத்தோம், ஊரே வந்துவிட்டது என்பது போலத்தான்.

ஆகவே புதிய பவளத்தை நேரே பெருந்தொட்டியில் வைக்கலாகாது. முதலில் அதற்கு மருந்து முழுக்கு வேண்டும். பின்னர் பல வாரங்கள் தனியிருப்பு வேண்டும். இரண்டும் வேண்டும், ஒன்று போதாது. இதுவே என் கருத்து.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. நம் பாட்டன்மார் வீட்டு வாயிலில் தண்ணீர்ச் செம்பு வைத்திருந்தனர். வந்தவர் கால் கழுவிய பிறகே உள்ளே வருவார். முன்பின் அறியாதவர் என்றால் திண்ணையில் தங்குவார். சந்தையில் ஆடு வாங்கிய உழவன் அதை அன்றே மந்தையில் விடமாட்டான். சில நாள் தனியே கட்டிப் பார்ப்பான். முழுக்கு என்பது கால் கழுவுதல். தனியிருப்பு என்பது திண்ணை. கால் கழுவியவரெல்லாம் அடுக்களை வரை வரலாம் என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

முழுக்கு எப்படிச் செய்வது? தொட்டியின் நீரையே ஒரு சிறு வாளியில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெப்பமும் உப்பும் மாறக்கூடாது. நல்ல தண்ணீரில் முக்கினால் பெரும்பாலான பவளங்கள் அந்த அதிர்ச்சியிலேயே கெட்டுவிடும். அந்நீரில் அயோடின் கரைசலையோ, பவளத்துக்கென்றே விற்கும் முழுக்கு மருந்தையோ குறித்த அளவில் கலக்க வேண்டும். பவளத்தை ஐந்து முதல் பத்து மணித்துளிகள் அதில் வைத்து, ரப்பர்க் குமிழ் உள்ள குழாயால் நீரைப் பீய்ச்சி இண்டு இடுக்கெல்லாம் அலச வேண்டும். பிறகு மருந்தில்லாத கடல்நீரில் கழுவி எடுக்க வேண்டும். முழுக்குநீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. பவளம் ஒட்டியிருக்கும் சிறு சுண்ணக் கட்டையைக் களைந்துவிட்டால் இன்னும் நல்லது. வேண்டாத உயிர்கள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

சென்ற ஆண்டு விடுமுறையில் சிங்கப்பூரிலுள்ள அத்தான் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அவர் கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா என்னும் பவளத்துண்டு ஒன்றை வாங்கி வந்தார். கடைக்காரர், “எல்லாம் முழுக்காட்டியதுதான்” என்று உறுதி சொல்லியிருந்தார். அத்தான் அதை நம்பி இருந்துவிடவில்லை. வாளியில் முழுக்காட்டினார். சில மணித்துளிகளில் அரிசிக் குறுநொய் போன்ற தட்டைப்புழுக்கள் நான்கைந்து அடியில் உதிர்ந்தன. அதுவரை அவை பவளத்தின் மேல்தான் இருந்தன. எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. துண்டைத் தனித்தொட்டியில் வைத்தார். இரண்டு வாரம் கழித்து மீண்டும் முழுக்காட்டியபோது, முன்னினும் சிறிய புழுக்கள் உதிர்ந்தன. முதல் முழுக்கு புழுவைக் கொன்றது, முட்டையைக் கொல்லவில்லை. கடைக்காரரின் சொல்லை நம்பி அன்றே பெருந்தொட்டியில் வைத்திருந்தால், அத்தானின் ஆறாண்டு உழைப்பு என்னவாகியிருக்கும்?

அந்தப் புழுவின் கதை கற்கத் தக்கது. அறிவியலார் அதற்கு 2011-இல்தான் பெயர் வைத்தனர். இன்று அதனைப் புரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே என்று அழைக்கின்றனர். அது அக்ரோபோராவின் சதையைத் தின்கிறது. தின்ற பாசியின் நிறமே அதன் உடலிலும் தெரிவதால் பவளத்தோடு பவளமாக மறைந்துவிடுகிறது. சதை போன இடத்தில், வெறும் எலும்பின்மேல் முட்டைகளைக் கொத்தாக ஒட்டிவைக்கிறது. முட்டையை உறை ஒன்று காக்கிறது. மருந்து அதற்குள் செல்வதில்லை. நீரின் வெப்பத்துக்கேற்ப ஏறக்குறைய இரண்டு மூன்று வாரங்களில் குஞ்சு வெளிவருகிறது. ஒருமுறை முழுக்காட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று கைகழுவுவோர் இதனால்தான் ஏமாறுகின்றனர்.

மோண்டிபோரா என்னும் பவளத்தைத் தின்னும் ஓடில்லா நத்தை ஒன்று உண்டு. அதற்கு 2020-இல்தான் ஃபெஸ்டில்லா சப்ஓடியோசா என்று பெயரிட்டனர். பவளம் வளர்ப்போரின் தொட்டிகளில் பல்லாண்டுகளாக அழிவு செய்துவந்த உயிர் அது. அறிஞர் பெயர் வைக்கும் முன்னரே அது தொட்டி தொட்டியாகப் பரவிவிட்டது. எவ்வாறு பரவியது? நீந்தியா வந்தது? இல்லை. மனிதன் கையால் கொடுத்தான்; மனிதன் கையால் வாங்கினான். நண்பனுக்கு அன்போடு ஒடித்துக் கொடுத்த துண்டிலும் அது இருந்தது.

மீன்நோயையும் மறக்கலாகாது. மீனின் உடலில் உப்புத் தூவியது போல் வெண்புள்ளிகள் தோன்றும் நோய் ஒன்று உண்டு. அந்நோயின் ஒட்டுண்ணி மீனை விட்டு நீங்கி, கடினமான பரப்பில் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். பவளத்தின் அடிக்கட்டையும் அதற்குப் போதுமான இடம். அக்கூட்டிலிருந்து குஞ்சுகள் வெளிவர 3 நாளும் ஆகலாம், 72 நாளும் ஆகலாம் என்று ஆய்வில் கண்டனர். அதனால்தான் மீனில்லாத தனித்தொட்டியில் 76 நாள் வைக்க வேண்டும் என்று பட்டறிவுடையோர் கூறுகின்றனர். பவளத்தில் நோயின் அடையாளமே இராது. ஆனால் அது வந்த பிறகு மீன்கள் சாகும். பழி வேறெங்கோ போகும்.

தனித்தொட்டிக்குப் பெருஞ்செலவு ஆகுமே என்று சிலர் கூறுவர். இருபது முப்பது லிட்டர் கொள்ளும் எளிய கண்ணாடித் தொட்டி போதும். வெளிச்சம் வேண்டும்; நீரோட்டம் வேண்டும்; வெப்பம் 25, 26 பாகை அளவில் நிலையாக இருக்க வேண்டும்; அடிக்கடி நீர் மாற்ற வேண்டும். இடுக்கி, குழாய், துணி எல்லாம் அதற்கென்றே தனியாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை முழுக்காட்டி, உதிர்வதைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். முட்டை தென்பட்டால் சுரண்டி எடுக்க வேண்டும். மீனுக்கு மருந்தாகும் செம்பை மட்டும் இதில் சேர்க்கலாகாது. பவளத்துக்கு அது நஞ்சு. இவ்வளவுதான். பெருந்தொட்டிக்கு இலட்சம் செலவழிப்பவர், அதைக் காக்கச் சில ஆயிரம் செலவழிக்கத் தயங்குவது, வீட்டைக் கட்டிவிட்டுப் பூட்டு வாங்கப் பணமில்லை என்பது போன்றது.

பவளத்துக்கு முழுக்கு துன்பமல்லவா என்று மற்றும் சிலர் கேட்பர். துன்பந்தான்; மறுப்பதற்கில்லை. நெடும்பயணத்தில் வாடி வந்த உயிரைக் கடும் மருந்தில் நெடுநேரம் வைப்பது கொடுமை. அளவு மீறினால் அம்மருந்தே அதனைக் கொல்லும். ஆகையால்தான் முழுக்கை மட்டும் நம்பி மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போவது தவறு என்கிறேன். மென்மையான முழுக்கு, நீண்ட தனியிருப்பு, இடைவிடாத கவனம் ஆகியவையே சிறந்த வழி.

கடலில் புழு இல்லையா, நத்தை இல்லையா, அங்கே பவளம் வாழவில்லையா என்பது மூன்றாவது கேள்வி. நல்ல கேள்விதான். கடலில் புழுவைத் தின்னும் மீன் உண்டு, அலை உண்டு, எல்லையற்ற பரப்பு உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இவை எல்லாம் இல்லை. பூனையே இல்லாத களஞ்சியத்தில் எலி புகுந்தால் என்ன நேரும் என்று உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, முன்பு சொன்ன பெரிய காரணத்துக்கு வருகிறேன். இது கூடத்துத் தொட்டியோடு முடியும் செய்தி அன்று. 1984-இல் மொனாக்கோவின் கடலாராய்ச்சிக் காட்சிச்சாலைக்குக் கீழே, மத்தியதரைக் கடலில், காலர்ப்பா டாக்சிபோலியா என்னும் பாசி ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் அளவில் காணப்பட்டது. அது தொட்டிகளில் அழகுக்காக வளர்த்த பாசி. பிற்காலத்தில் அது பல்லாயிரம் ஏக்கர்க் கடலடியை மூடியது. அதே பாசி 2000-இல் கலிபோர்னியாவின் கடற்கழியில் தோன்றியது. பல கோடி செலவிட்டு, 2006-இல்தான் ஒழித்ததாக அறிவித்தனர். ஒரு வீட்டுத் தொட்டியில் செய்யும் அலட்சியம் ஒரு கடலையே தீண்டக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? தனித்தொட்டியின் கழிவுநீரைக் கொதிக்க வைத்தோ, வெளுப்பு மருந்து கலந்தோதான் கொட்ட வேண்டும். கடலிலோ கழியிலோ கொட்டவே கூடாது.

நம் கடலும் இதற்கு விலக்கு அன்று. மன்னார் வளைகுடாவின் இருபத்தோரு தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்திட்டுகள் நம் செல்வம். வெளிநாட்டிலிருந்து பயிருக்கென்று கொண்டுவரப்பட்ட கப்பாஃபைக்கஸ் என்னும் பாசி, குருசடைத் தீவருகே உயிருள்ள பவளங்களின்மேல் படர்ந்து மூடியதை 2008-இல் ஆராய்ச்சியாளர் எடுத்துரைத்தனர். அது தொட்டியிலிருந்து வந்தது அன்று. ஆயினும் பாடம் ஒன்றே. வரும் உயிரை வாயிலில் நிறுத்திப் பார்க்காவிட்டால், பின்னர் வெளியேற்றுவது எளிதன்று. தூத்துக்குடியின் ஆராய்ச்சியாளர்கள் 2002 முதல் அழிந்த திட்டுகளில் பவளத்துண்டுகளை நட்டு வளர்த்து வருகின்றனர். அத்துண்டுகள் நன்றாய் வளர வேண்டுமானால், நோயும் பகைப்பூச்சியும் இல்லாத துண்டு எது என்று அறியும் கலை நம் இளைஞருக்குக் கைவர வேண்டும். பொழுதுபோக்கில் கற்ற பழக்கம் அன்று தொண்டாகப் பயன்படும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் கூற வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கற்பவளங்கள் சேர்க்கப்பட்டன. புலிக்குக் கிடைத்த பாதுகாப்பு பவளத்துக்கும் கிடைத்தது. நம் கடலிலிருந்து அதனை எடுப்பதும் விற்பதும் குற்றம். பிற நாட்டிலிருந்து கொண்டுவரவும் முறையான அனுமதி வேண்டும். எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரால் காகிதம் காட்ட முடியாத பவளத்தை வாங்காதிருப்பதே முதல் முழுக்கு என்பேன்.

தனியிருப்பு என்ற சொல்லே நமக்குக் கசக்கலாம். அதனைக் குறிக்கும் ‘குவாரன்டைன்’ என்ற சொல், வெனிசுத் துறைமுகத்தில் கப்பல்களை நாற்பது நாள் நிறுத்திவைத்த வழக்கத்திலிருந்து பிறந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் புறப்பட்ட நம் மக்களை மண்டபம் முகாமில் அடைத்து வைத்து ஆராய்ந்த பின்னரே அனுப்பினர். அங்கே பட்ட இழிவை அவர்கள் மறந்திலர். 2020-இல் நாமும் பதினான்கு நாள் அறைக்குள் அடைந்து கிடந்தோம். ஆனால் அடைத்து வைப்பதற்கும் பேணி வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. மண்டபத்தில் மனிதரை வேண்டாச் சரக்காக எண்ணினர். நாம் பவளத்தை வேண்டிய விருந்தாக எண்ணுகிறோம். நல்ல வெளிச்சமும் நீரும் கொடுத்து, நாள்தோறும் முகம் பார்த்து, நலம் கேட்டுக் காத்திருக்கும் திண்ணை அது. மண்டபத்தில் பின்னர்க் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அமைந்தது என்பதையும் நினைவில் கொள்வோம்.

கடல் பல்லாயிரம் ஆண்டுகளில் கட்டியதை ஒரே மாலையில் வீட்டில் அமைத்துவிட நினைப்பது பேராசை. பொறுமை இல்லாதவன் பவளம் வளர்க்க வேண்டாம். வளர்க்க விரும்புகிறவன் முதலில் சிறு தொட்டியை வாங்கட்டும். பெருந்தொட்டியை அதன் பிறகு வாங்கட்டும். விற்பவரும் தம் சரக்கை எத்தனை நாள் தனியே வைத்திருந்தார் என்று எழுதிக் கொடுக்கட்டும். நண்பனுக்குத் துண்டு ஒடித்துக் கொடுப்பவனும், “இதைத் திண்ணையில் வைத்துப் பார்த்து உள்ளே கொண்டு போ” என்று சொல்லியே கொடுக்கட்டும். அன்பளிப்போடு சேர்த்து நோயையும் அளிக்காமலிருப்பதே உண்மையான அன்பு.