அளக்காமல் கழற்றாதீர்கள்



மருமகனின் மின்சாரக் காரில் ஏசி நின்றுவிட்டது. கணினியைச் செருகிப் பார்த்த பணிமனைக்காரர், "கம்ப்ரசர் போச்சு சார், மாத்தணும்" என்றார். திரையில் வந்ததோ அழுத்த சென்சாரின் பிழைக்குறி. "கேஜ் மாட்டிப் பார்த்தீர்களா?" என்றேன். இல்லையாம்.

என் கோபமே இதுதான். பிழைக்குறி நோயாளியின் புகார். நோயின் பெயர் அல்ல. சென்சார் பொய் சொன்னாலும் கம்ப்ரசரைக் காக்க வண்டி அதை ஓடவிடாது. அதற்காக நல்ல கம்ப்ரசரைக் கழற்றுவதா?

அடிப்படை இயற்பியல்தான். குழாயில் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. வண்டி நின்று ஆறியபின், 30 டிகிரியில், ஆர்134ஏ வாயு கேஜில் சுமார் 6.7 பார் காட்டும். கேஜ் அப்படிக் காட்ட, திரை பூஜ்யம் காட்டினால் குற்றவாளி சென்சார் அல்லது அதன் வயர்.

புதுக்கோட்டையில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் அரைமணியில் அளந்தான். கேஜ் சரி. சென்சார் கனெக்டரில் பச்சைக் களிம்பு!

இது சொகுசுப் பிரச்சினை அல்ல. பல மின்சாரக் கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே ஏசிதான். நார்த்தாமலைப் பாறை கொதிக்கும் சித்திரையில் அது நின்றால் விரைவு சார்ஜும் மந்தமாகும்.

ஆரஞ்சு வயர் உயிரை எடுக்கும். பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது. ஆனால் சென்சாருக்குப் போவது பெரும்பாலும் 5 வோல்ட். அதை அளக்கச் சொல்லும் உரிமை நமக்குண்டு. பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு 2022 டிசம்பரில் இணையதளமே தொடங்கியது. வாகனங்களும் அதில் அடக்கம்.

பில்லில் கையெழுத்திடும் முன் கேளுங்கள்: "எவ்வளவு அளந்தீர்கள்?"