லைன் கிளியர் வாங்காத சவாரி

வைகாசி பிறந்துவிட்டால் நம் பார்சல் ஆபீஸில் மோட்டார் சைக்கிள்களின் வரத்து பெருகிவிடும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும், பெட்ரோல் சொட்டில்லாமல் வடிக்கப்பெற்று, வைக்கோலும் கோணியும் சுற்றிய கோலத்தில் அவை டில்லியில் வந்திறங்கும். ஓரிரு நாட்களில் உடையவர்களாகிய வாலிபர்கள் ரசீதும் கையுமாக வருவார்கள். கோணி கிழிபடும், கண்ணாடி முறுக்கேறும். "பிரயாணம் எதுவரை, தம்பி?" என்று கேட்டால் "லடாக் சார்" என்றோ "ஸ்பிதி சார்" என்றோ விடை வரும்.

இவ்வண்டிகளிற் பல நம் சென்னைச் சரக்கு என்பதில் நமக்கு ஓர் அற்பப் பெருமை உண்டு. 1955-ஆம் ஆண்டு சென்னையில் ஸ்தாபிக்கப்பட்டது என்பீல்டு இந்தியா கம்பெனி. அதன் புல்லட் வண்டியை எல்லைக் காவலுக்காக ராணுவம் வாங்கிற்று. நம்மைப் போலவே தெற்கே பிறந்து வடக்கே உழைக்கிற ஜாதி அது. நமக்கோ இன்றுவரை சைக்கிள்தான்.

மூவர் நால்வராய் வந்து வண்டி எடுத்துச் செல்பவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. ஒற்றையாய் வருகிற பையனைக் கண்டால்தான் கையெழுத்து வாங்கும்போது மனம் சற்றே தயங்கும். அத்தயக்கத்தின் காரணத்தைச் சென்ற ஆண்டு ஆவணியில் வந்த ஒரு வண்டி நமக்குத் தெளிவாக்கிற்று.

அது எதிர்த் திசையில், டில்லியிலிருந்து தென்காசிப் பக்கம் செல்வதற்காக வந்த வண்டி. கைப்பிடி வளைந்து, முன்விளக்கு உடைந்திருந்தது. கூட வந்த இளைஞர் இரு கக்கத்திலும் கட்டை ஊன்றியிருந்தார். இவ்வூரில் ஒரு கம்பெனியில் உத்தியோகம், ஒற்றை அறையில் வாசம், மெஸ் சாப்பாடு. வண்டியை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அன்னையின் கட்டளையாம். பாரம் எழுதி முடியும்வரை பெஞ்சியில் அமரச் சொன்னோம். அவராகவே கதையைச் சொன்னார். பெயர் வெளியிடுவதில்லை என்ற வாக்குறுதியின்மேல் இங்கே எழுதுகிறோம்.

ஆடி மாதம் அவர் தனியே ஸ்பிதிக்குப் புறப்பட்டார். மணாலியிலிருந்து செல்லும் பாதை கிராம்பூ என்னுமிடத்தில் பிரிந்து, சந்திரா நதியோரமாகச் சத்ரு, பாதல் ஆகிய தங்குமிடங்களைக் கடந்து, 4,500 மீட்டருக்கு மேற்பட்ட குன்சும் கணவாயில் ஏறி, லோசார் கிராமத்தில் இறங்குகிறது. பாதை என்பது மரியாதைக்குச் சொல்வது. பெரும்பகுதி உருண்டைக் கற்களும் சேறுமே. பனிமலையிலிருந்து இறங்கும் ஓடைகள் பாலமின்றிக் குறுக்கே பாய்கின்றன. இவ்வோடைகளுக்கு ஒரு குணம் உண்டு. இரவுக் குளிரில் பனி உருகுவது குறைவதால் காலையில் கணுக்கால் அளவே ஓடும். பகல் முழுதும் வெயில் காய்ந்து, பிற்பகலில் முழங்கால் மறைய ஓடும். காலையில் கண்ட ஓடை வேறு, மாலையில் காணும் ஓடை வேறு. விடியற்காலையில் கடந்துவிட வேண்டும் என்பது அங்குள்ள லாரி டிரைவர்கள் அனைவருக்கும் மனப்பாடம்.

நம் இளைஞர் வழியில் புகைப்படம் எடுப்பதில் நேரம் போக்கி, பிற்பகல் மூன்று மணிக்கு ஓர் ஓடையில் இறங்கினார். அக்கரை சேரும் தறுவாயில் முன்சக்கரம் ஒரு கல்லின்மேல் வழுக்கிற்று. உடல் கரையில், இடது கால் வண்டியின் அடியில், பாதம் நீரில் என்று விழுந்தார். இத்தகைய வண்டிகள் ஏறக்குறைய 200 கிலோ எடையுள்ளவை. மூட்டை கட்டினால் இன்னும் அதிகம். இருவர் இருந்தால் அரை நிமிஷத்தில் தூக்கி நிறுத்திவிடலாம். ஒருவர், அதுவும் அடியில் கிடப்பவர், என்ன செய்வார்? முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. நீர் பனிக்கட்டி போலிருந்ததால் முதலில் வலியே தெரியவில்லை என்றார். பிறகு நடுக்கம் வந்தது. அதற்கும் பிறகு தூக்கம் வந்ததாம். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் தாழ்ந்தது.

ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல். லோசார் பக்கமிருந்து பச்சைப் பட்டாணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மணாலிக்கு இறங்கிய சிறு லாரி ஒன்று வந்தது. டிரைவரும் உடனிருந்த பையனும் வண்டியைத் தூக்கி, காலுக்குப் பலகை வைத்துக் கட்டி, பட்டாணி மூட்டைகளின்மேல் படுக்க வைத்து மணாலி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றைக்கு அவ்வழியே இறங்கிய கடைசி வண்டி அதுதானாம்.

இதுவரை கேட்டது விபத்து. விபத்து யாருக்கும் வரும். நம்மைத் திடுக்கிட வைத்தது அடுத்து அவர் சொன்னதே. ஆபீஸில் அவர் ஊருக்குப் போவதாகச் சொல்லி ஒன்பது நாள் லீவு எடுத்திருந்தார். அன்னையிடமோ ஆபீஸில் வேலை நெருக்கடி, பத்து நாளைக்கு டெலிபோனில் பேச நேரமிராது என்று சொல்லியிருந்தார். மெஸ்காரர் பையன் ஊருக்குப் போய்விட்டான் என்று இலையைக் குறைத்துவிட்டார். ஆபீஸ் அவரை ஊரில் இருப்பதாக எண்ணிற்று. ஊர் அவரை ஆபீஸில் இருப்பதாக எண்ணிற்று. பட்டாணி லாரி வராமற் போயிருந்தால், ஒன்பது நாள் கழிந்த பிறகே ஒருவருக்காவது சந்தேகம் பிறந்திருக்கும். அப்போதும் எத்திசையில் தேடுவது என்பது தெரிந்திராது.

ரயில்வேயில் உள்ளவர்க்கு இது எவ்வளவு விபரீதமான காரியம் என்பது உடனே விளங்கும். ஒரு ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்ப வேண்டுமானால், அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர் வாங்க வேண்டும். வண்டி போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து 'வந்து சேர்ந்தது' என்று பின் ஸ்டேஷனுக்குத் தகவல் வர வேண்டும். ஓடுவதற்குரிய நேரம் போக, பிரயாணிகள் வண்டியாயின் 10 நிமிஷம், கூட்ஸ் வண்டியாயின் 20 நிமிஷம் கடந்தும் வண்டியைக் காணோமென்றால், முன்னால் உள்ள ஸ்டேஷன் மாஸ்டர் வாளாவிருக்கக் கூடாது. பின் ஸ்டேஷனுக்கும் கன்ட்ரோலுக்கும் உடனே அறிவிக்க வேண்டும் என்பது விதி. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டிக்கு 20 நிமிஷம். பெற்று வளர்த்த பிள்ளைக்கு ஒன்பது நாள்!

ஊரிலேயே இருக்கிற பிள்ளை இரவு வீடு திரும்பாவிட்டால் தெரு முழுதும் தெரிந்துபோகும். பிழைக்க வந்த இடத்தில் ஒற்றை அறைக்காரனுக்கு அந்தத் தெரு இல்லை. மலைப்பாதையில் அவன் தனியாகவில்லை. அறைக் கதவைப் பூட்டிய அன்றே தனியாகிவிட்டான்.

பாலைவன மோட்டார்ப் பந்தயங்களில் பெயர் பெற்ற டாக்கர் பந்தயம் பிறந்த வரலாறும் இதற்குச் சான்று. தியரி சபைன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1977-ஆம் ஆண்டு ஆபிட்ஜான்–நீஸ் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிச் சென்று, லிபியப் பாலைவனத்தில் வழி தவறினார். அவர் மீட்கப்பட்டதற்குக் காரணம், வந்து சேர வேண்டியவர் வரவில்லை என்பதைக் கணக்கு வைத்துக் கவனிக்க அங்கே ஆட்கள் இருந்ததே. திரும்பி வந்தவர் அப்பாலைவனத்தின் மோகத்திலேயே 1978 டிசம்பரில் பாரிஸ்–டாக்கர் பந்தயத்தைத் தொடங்கினார். அதே பந்தயம் இப்போது அரேபியாவில் நடக்கிறது. 2021 ஜனவரி 6-ஆம் தேதி நம் நாட்டு வீரர், பெங்களூர் சி. எஸ். சந்தோஷ், அங்கே விழுந்து தலையில் அடிபட்டார். பின்னால் வந்த போட்டியாளர் நின்று உதவினார், ஹெலிகாப்டர் வந்து ரியாத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றது, பிழைத்தார். உலகத்திலேயே தேர்ந்த ஓட்டிகள் கூடும் இடத்தில்கூட ஒருவனையும் கணக்கில்லாமல் விடுவதில்லை. வார இறுதியில் மலையேறும் நம் குமாஸ்தா மட்டும் கணக்கின்றிப் போகிறான்.

"கையில் போன் இருக்கிறதே" என்பார்கள். அம்மலைகளில் பல மைல்களுக்கு அது கடிகாரமாகவே உபயோகப்படும். லடாக்கிலோ வெளிமாநிலத்துப் பிரீபெய்டு சிம் பேசாது, போஸ்ட்பெய்டுதான் பேசும். இதை லே நகரில் இறங்கிய பின் அறிந்து விழித்தவர்கள் ஏராளம். வெளிநாடுகளில் தனிச் சவாரிக்காரர் விண்கலத்தின் வழியே அபயக்குரல் அனுப்பும் சிறு கருவியை இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். நம் நாட்டிலோ சாட்டிலைட் போனும் அத்தகைய கருவிகளும் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி வைத்திருத்தல் குற்றம். அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டார் கைதானதுண்டு. யாரேனும் மலிவாகத் தருவதாகச் சொன்னாலும் வாங்க வேண்டாம். ஆக, இங்கே தனியே போகிறவன் மற்ற நாட்டானைவிட ஒரு படி அதிகமாகவே தனியன்.

விழாமலே வரும் அபாயம் ஒன்றும் உண்டு. மணாலியின் உயரம் ஏறக்குறைய 2,000 மீட்டர். ஒரே பகலில் அங்கிருந்து குன்சும் வரை ஏறிவிடலாம். அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குக்கும் குறைவு. தலைவலியும் குமட்டலும் முதலில் வரும். அலட்சியம் செய்து மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளலாம். மூளையில் கோத்தவன் குடித்தவனைப் போலத் தள்ளாடுவான், புத்தி தடுமாறும். உடனே கீழே இறங்குவதே முதல் மருந்து. ஆனால் தடுமாறுவது அவனுக்கே தெரியாது! "தம்பி, நீ நேராக நடக்கவில்லை, வண்டியைத் திருப்பு" என்று சொல்ல ஒருவர் அருகில் வேண்டும். எவ்வளவு அனுபவம் உள்ளவனும் தன்னைத் தானே இவ்வாறு பார்த்துக்கொள்ள இயலாது. நம் அபிப்பிராயத்தில், இரண்டாம் ஆள் வேண்டும் என்பதற்கு வண்டி தூக்குவதைவிட வலிய காரணம் இதுவே.

போகவே கூடாது என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. வாரத்தில் ஆறு நாள் மேஜையில் குனிந்திருப்பவனுக்கு மலை எப்படித் தோன்றும் என்பது நமக்குத் தெரியாததன்று. துணை கிடைத்தால் துணையோடு போகட்டும். கிடைக்காவிடில், சாலையிலேயே தங்கி, ஓடை வழிகளை விட்டுவிடட்டும். அல்லது சத்ருவிலோ பாதலிலோ இரவு தங்கி, காலையில் எதிர்ப்பட்ட வேறு வண்டிகளோடு கூட்டுச் சேர்ந்து ஓடையைக் கடக்கட்டும். பாதலில் ஒரு முதிய தம்பதி பல்லாண்டு நடத்திவந்த சிற்றுண்டிக் கடை, பனியில் சிக்கிய எத்தனையோ பேருக்கு அடைக்கலம் தந்ததாகப் பெயர் பெற்றது. அத்தகைய இடங்களில் ஒரு தேநீர் குடித்து, "இன்ன ஊருக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனால், அதுவும் பாதி லைன் கிளியர்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பொய் சொல்லிவிட்டுப் போக வேண்டாம். பெற்றோரும் யோசிக்க வேண்டும். கேட்டால் தடுப்பார்கள் என்ற பயத்தினால்தானே பிள்ளை மறைக்கிறான்? அன்னையிடம் சொல்லத் துணிவில்லையென்றால் அறைத்தோழனிடமோ மெஸ்காரரிடமோ ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும்: வண்டி எண், போகும் வழி, ஒவ்வோர் இரவும் தங்குமிடம், எந்தத் தேதி எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் தேட ஆரம்பிக்க வேண்டும் என்பது. அந்த மணி தவறினால், 'இன்னும் ஒரு நாள் பார்ப்போம்' என்னாமல், 112-க்கும் அவ்வட்டாரப் போலீஸாருக்கும் சொல்லிவிட வேண்டும். வீணாகத் தேட வைத்தோமே என்று பிறகு வெட்கப்படுவது பெரிய நஷ்டமன்று.

இதைச் சங்கக் காரியதரிசியிடம் எடுத்துச் சொன்னோம். வாசகசாலை மேஜையில் ஒரு நீள நோட்டு வைக்க இசைந்தார். வெளிப்பயணம் போகும் இளைஞர்கள் பெயரும் விவரமும் எழுத இடப்பக்கம். 'வந்து சேர்ந்தேன்' என்று எழுத வலப்பக்கம். இதுவரை மூவர் எழுதியிருக்கிறார்கள். மூன்றாமவர் சென்ற ஞாயிறு இரவு எட்டு மணிக்குள் திரும்ப வேண்டியவர். வலப்பக்கம் காலியாக இருந்தது. எட்டரை மணிக்குக் காரியதரிசி அவருக்கும் அறைத்தோழருக்கும் போன் செய்தார். மணியடித்ததே தவிர எடுப்பாரில்லை. ஒன்பதே காலுக்கு நாமிருவரும் ஒரு ஆட்டோ பிடித்து அவர் அறைக்குப் போனோம். வண்டி வாசலில் சேறும் சகதியுமாக நின்றது. கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்த பிறகு, பூட்ஸ்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்த பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திறந்தான். காரியதரிசி அவனை அங்கேயே நிற்கவைத்து நோட்டில் எழுத வாங்கிய பிறகே ஆட்டோவில் ஏறினார்.