ஜெயராமன் அண்ணனுக்கு நாம் தர வேண்டிய நெல்

டிசம்பர் 6 வந்தால் எங்கள் பக்கத்தில் நெல் ஜெயராமன் அண்ணன் படத்துக்கு மாலை போடுகிறோம். மேடை போட்டுப் பேசுகிறோம். செய்ய வேண்டியதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உயிரோடு இருந்தபோது அந்த மனிதர் நம்மிடம் மாலையா கேட்டார்? திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவுக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல்லைக் காசு வாங்காமல் கொடுத்தார். விதைத்து அறுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகக் கொண்டுவந்து தர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அதற்குப் பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை. வாங்கிக்கொண்டு போன நம்மில் எத்தனை பேர் அந்தக் கடனைத் தீர்த்திருக்கிறோம் என்பதுதான் நினைவுநாளில் பேச வேண்டிய பேச்சு.

2018இல் அவர் புற்றுநோயால் சென்னையில் இறந்த செய்தி வந்தபோது எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. நவம்பர் 16 விடிவதற்குள் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் எல்லாவற்றையும் வாரிச் சுருட்டியிருந்தது. மூன்று வாரம் ஆகியும் தென்னை விழுந்த இடத்திலேயே கிடந்தது. மாடு கட்ட இடமில்லை, பலர் வீட்டுக்குக் கூரையில்லை. அந்த நிலையிலும் ஊர்க்காரர்கள் கிடைத்த வண்டியில் ஏறி அவருடைய ஊரான கட்டிமேட்டுக்குப் போனார்கள். என் வீட்டுக்காரரும் போனார். சொந்த இழப்புக்கு அழ நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தவர்கள் அங்கே போய் உட்கார்ந்து அழுதார்கள். ஐம்பது வயது சாகிற வயதா என்று எங்கள் தெருவில் கேட்காத பெண் இல்லை.

2003இல் இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா காவிரிக் கரையோரம் நடைப்பயணம் போனார். நுகர்வோர் அமைப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜெயராமன் அண்ணனும் உடன் நடந்தார். வழியில் விவசாயிகள் கொடுத்த சில பழைய நெல் ரகங்களில்தான் இவர் வேலை தொடங்கியது. பிறகு ஊர் ஊராகத் தேடி 160க்கும் மேற்பட்ட ரகங்களைச் சேர்த்தார். பெயருக்கு முன்னால் 'நெல்' என்று சேர்த்தது ஐயாதான். 2013 டிசம்பரில் ஐயா போனார், ஐந்தே வருடத்தில் இவரும் போனார். டெல்டாவுக்கு அடுத்தடுத்து விழுந்த இந்த இரண்டு இழப்புகளை நாங்கள் இன்னும் முழுதாகத் தாங்கிக்கொள்ளவில்லை.

எங்கள் நிலம் கடலுக்குப் பக்கம். சுனாமித் தண்ணீர் ஏறிய பிறகு கடையில் வாங்கி நட்ட ரகமெல்லாம் உப்பில் கருகியது. திருவிழாவில் எங்களுக்குக் கிடைத்தது குழியடிச்சான். உவர் நிலத்தைத் தாங்குகிற நெல். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் மாமியார் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். கல்யாணமாகி வந்த புதிதில் அவரே நடவு நட்ட நெல் அது. நடுவில் எப்போது கைவிட்டுப் போனதென்று அவருக்கே நினைவில்லை. அண்ணன் தேடிப் போனது இப்படிப்பட்ட கிழவிகளைத்தான். எந்த நெல் எந்த மண்ணுக்கு, எதை எப்போது நாற்று விட வேண்டும், பிள்ளை பெற்றவளுக்கு எந்த அரிசியில் கஞ்சி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் தலையில்தான் இருந்தது. அவர் பேசினதைவிடக் கேட்டுக்கொண்டதே அதிகம். கூட்டத்தில் கேட்க ஆளில்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்களைப் போன்ற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை மேடையில் பேசுகிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

நான்கு கிலோவைத் திருப்பிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நெல் விதை வருடக்கணக்கில் மூட்டையில் கிடக்காது, முளைப்புத் திறன் போய்விடும். பருவம் தவறாமல் விதைத்து எடுத்தால்தான் ரகம் பிழைக்கும். நூற்றறுபது ரகத்தை ஒரே ஆள் ஒரே இடத்தில் எத்தனை வருடம் தனித்தனிப் பாத்தியில் விதைத்துக்கொண்டிருக்க முடியும்? அதனால்தான் ரகங்களை ஆயிரக்கணக்கான வயல்களுக்குப் பிரித்து அனுப்பினார். ஒரு வயல் மூழ்கினாலும் வேறொரு வயலில் விதை இருக்கும். கஜா மாதிரி ஒரு புயல் அடித்த பிறகு இதன் அருமையை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் விதையை வாங்கிப் போய்ப் பத்துக் குழியில் போட்டு, படம் எடுத்துவிட்டு, பொங்கி முடித்தவர்கள் இருக்கிறார்கள். திருப்பித் தந்தவர்களிலும் சிலர் கலவன் பிடுங்காமல், அறுவடை மிஷினில் வந்ததை அப்படியே கட்டித் தந்தார்கள். கலந்துபோன விதை விதையாகாது. கதிர் வரும்போது வயலில் இறங்கி, உயரத்திலும் நிறத்திலும் மாறியதைப் பிடுங்கிப் போட வேண்டும். விதைக்கென்று ஒதுக்கியதைக் கையால் அறுத்துத் தனியாக அடித்துக் காயவைக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. அவர் பெயரைச் சொல்கிறவர்கள் இந்த இரண்டு நாளைக் கொடுக்க வேண்டும்.

அரசு அவர் பெயரில் மரபுசார் நெல் பாதுகாப்பு இயக்கம் தொடங்கியது நல்ல காரியம். பிளஸ் டூ தாவரவியல் புத்தகத்தில் அவரைப் பற்றிப் பிள்ளைகள் படித்தார்கள், அதுவும் பெருமைதான். ஆனால் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் இன்றும் சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டு விலைதான். காட்டுயானத்துக்கும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் தனி விலை கிடையாது. ஐந்தாறு மாதம் வயலில் நிற்கும், ஆள் உயரம் வளரும், மழையில் சாய்ந்தால் கூலி இரட்டிப்பாகும், விளைச்சலும் குறைவு. இத்தனையையும் தாங்கி விளைவிக்கிற குறு விவசாயி நகரத்து அரிசிக் கடைக்காரரை நம்பித்தான் பிழைக்க வேண்டுமா? பாரம்பரிய ரகங்களுக்குத் தனி கொள்முதல் விலை அறிவித்து, வட்டத்துக்கு ஒரு நிலையத்திலாவது வாங்க வேண்டும். சத்துணவுக்கு அந்த அரிசியைக் கொடுக்கலாம். அண்ணன் பெயரில் இயக்கம் நடத்துகிற அரசால் இது முடியாத காரியமில்லை.

நம் பக்கத்து வேலையை நாம் செய்வோம். அவருக்குப் பிறகும் திருத்துறைப்பூண்டியில் திருவிழா நடக்கிறது, விதை கொடுக்கிறார்கள். எந்த வருடம் வாங்கியிருந்தாலும் சரி, உங்கள் வீட்டில் அந்த ரகம் இன்னும் இருந்தால் இந்தச் சம்பா அறுவடையில் விதைக்கென்று ஒரு பாத்தியை ஒதுக்குங்கள். கலவன் எடுத்து, காயவைத்து, நான்கு கிலோவை மே மாதத்துக்குள் கொண்டுவந்து கொடுங்கள். விதை தவறிப்போயிருந்தால் கூச்சப்பட வேண்டாம். வந்து இன்னொரு முறை வாங்கிக்கொண்டு போங்கள்.