நடுவர் தீர்ப்பு இறுதியானதா?

போட்டி அறிக்கை எதனை எடுத்து நோக்கினும் அதன் அடியில் ஒரு வரி தவறாமல் இடம்பெற்றிருக்கும்: நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது. ஜித்ரா வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நிகழும் கதைசொல்லும் போட்டிக்கும் அவ்வரி உண்டு. கோடிக்கணக்கான வெள்ளி புரளும் உலகக் குத்துச்சண்டை மேடைக்கும் அதுவே சட்டம். போட்டி என ஒன்று நடந்தால் அது முடிவுற வேண்டும். முடிவுற வேண்டுமாயின் எவரேனும் ஒருவர் முடிவு கூற வேண்டும். இதனை மறுப்பார் இலர். ஆனால், முடிவு கூறும் உரிமை, காரணம் கூறாதிருக்கும் உரிமையாக மாறிவிட்டதே, அதனை மறுத்தே ஆக வேண்டும்.

1975ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் மோதினர். ஹெவிவெயிட் எனப்படும் மிகு எடைப் பிரிவின் உலகப் பட்டத்துக்கான போட்டி அது. பதினைந்து சுற்றுகளும் முடிவுற்றபின் நடுவர்கள் ஒருமனதாக அலியே வென்றார் என்றனர். அத்தீர்ப்பில் ஐயுறுவதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், அன்று அம்மேடையில் நின்ற இருவருடைய வரலாற்றையும் புரட்டினால், இருவர் பெயரோடும் தீராத வழக்கொன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். பக்னருக்கு அது நான்காண்டுகளுக்கு முன்னரே நேர்ந்திருந்தது. அலிக்கு அடுத்த ஆண்டில் நேர்ந்தது.

1971ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் இலண்டன் வெம்பிளியில் பக்னர் ஹென்றி கூப்பரை எதிர்த்தார். 1963இல் அலியையே ஒரு குத்தில் தரையில் வீழ்த்திய பெருமைக்குரியவர் கூப்பர். அப்போது அவருக்கு வயது 36. பக்னரோ 21 வயது இளைஞர். பிரித்தானிய வழக்கப்படி மேடை நடுவர் ஒருவரே புள்ளியும் இட்டார். பதினைந்து சுற்றுகளின் முடிவில் ஹேரி கிப்ஸ் என்னும் அந்நடுவர் பக்னருக்கு 73¾ புள்ளியும் கூப்பருக்கு 73½ புள்ளியும் தந்தார். கால் புள்ளி! அக்கால் புள்ளியால் பிரித்தானிய, ஐரோப்பிய, காமன்வெல்த் பட்டங்கள் மூன்றும் கைமாறின. கூப்பர் அதன்பின் மேடை ஏறவே இல்லை. பட்டம் பெற்ற பக்னரும் நெடுங்காலம் மக்கள் அன்பைப் பெற்றாரில்லை. ஒரு தனிமனிதரின் குறிப்பேட்டில் இருந்த கால் புள்ளி, ஒருவருக்கு விடையளித்தது, மற்றவருக்குப் பழியளித்தது.

1976ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் நியூயார்க்கு யாங்கி அரங்கில் அலி கென் நார்ட்டனைச் சந்தித்தார். 1973இல் அலியின் தாடையெலும்பை உடைத்து வென்றவர் நார்ட்டன். 1976ஆம் ஆண்டுப் போட்டியில் வென்றவர் நார்ட்டனே என்று பார்த்தோர் பலர் கருதினர். நடுவர்கள் மூவரும் அலிக்கே வெற்றி என்றனர். அவருள் இருவர் அலிக்கு எட்டுச் சுற்றுகளும் நார்ட்டனுக்கு ஏழு சுற்றுகளும் தந்திருந்தனர். கடைசிச் சுற்று ஒன்றே உலகப் பட்டத்தைத் தீர்மானித்தது. நார்ட்டன் தரப்பினரோ தாம் முந்தி நிற்பதாக நம்பி அச்சுற்றில் எச்சரிக்கையாக நடந்துகொண்டனர். தம் நிலை இன்னதென்று அறியாமல் போரிட்டவரின் குற்றமா அது? அறியவிடாமல் மறைத்த முறையின் குற்றமா?

இங்கே சிலர் ஆறுதல் கூற முன்வருவர். “தோற்றவனுக்கே புகழ் மிகுதி, காலம் அவனுக்கு நீதி வழங்கும்” என்பர். கேட்பதற்கு இனிய சொல், ஆராய்ந்தால் பதர். 1978இல் நார்ட்டனுக்கு உலகப் பட்டம் ஓர் அமைப்பின் அறிவிப்பால் காகிதத்தில் கிடைத்தது. அதனை முதன்முறை காக்க முனைந்தபோதே லேரி ஹோம்ஸிடம் மயிரிழையில் இழந்தார். பட்டப் போட்டி ஒன்றிலேனும் வெல்லாத வாகையர் என்பதே அவர் பெயருக்கு எஞ்சிய அடைமொழி. இதுவா காலம் வழங்கிய நீதி?

தவறான தீர்ப்பு வென்றவனையும் விட்டுவைப்பதில்லை. 1988ஆம் ஆண்டு சோல் ஒலிம்பிக்கில், எடைகுறைந்த வேறொரு பிரிவின் இறுதிப் போட்டியில் அமெரிக்கரான ராய் ஜோன்ஸ் 86 குத்துகளையும் கொரியரான பார்க் சி ஹுன் 32 குத்துகளையும் பதித்ததாகக் கணக்கிடப்பட்டது. ஐந்து நடுவருள் மூவர் தங்கப் பதக்கத்தைப் பார்க்கிற்கே தந்தனர். முப்பத்தைந்து ஆண்டுகள் அப்பதக்கத்தைச் சுமந்த பார்க், 2023இல் அமெரிக்கா சென்று ஜோன்ஸிடமே அதனை ஒப்படைத்தார். தீர்ப்பெழுதியவர் கூறாத உண்மையை, தீர்ப்பால் பயன்பெற்றவர் கூற வேண்டியதாயிற்று.

“நடுவரும் மனிதரே, மனிதர் தவறுவது இயல்பு” என்பது அடுத்த வாதம். 1999ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் லெனாக்ஸ் லூயிஸ் 348 குத்துகளையும் இவாண்டர் ஹோலிஃபீல்டு 130 குத்துகளையும் பதித்ததாகக் கணக்கு வந்தது. நடுவருள் ஒருவர் லூயிஸ் வென்றார் என்றார். ஒருவர் ஹோலிஃபீல்டு வென்றார் என்றார். ஒருவர் சமம் என்றார். முடிவு சமநிலை! இதனை மனிதத் தவறு என்றே கொள்வோம். ஆனால், 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் குத்துச்சண்டையை ஆராய்ந்த மெக்லாரன் குழு, போட்டி முடிவுகளை வளைப்பதற்கென்றே ஓர் ஏற்பாடு இயங்கியது என்று 2021இல் அறிக்கையிட்டதே! தவறையும் சூழ்ச்சியையும் பிரித்தறிய உதவுவது ஒன்றே. அது வெளிப்படையான காரணம். காரணம் கூறாத இடத்தில் நேர்மையாளனும் சூழ்ச்சிக்காரனும் ஒரே திரைக்குள் ஒளிந்துகொள்கின்றனர்.

அத்திரையை விலக்க முயன்றவர்க்கு என்ன நேர்ந்தது? 2014ஆம் ஆண்டு இஞ்சோன் ஆசிய விளையாட்டில், பெண்கள் 60 கிலோ அரையிறுதியில் இந்தியாவின் சரிதா தேவி தென்கொரிய வீராங்கனையிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். முறையீடு ஏற்கப்படவில்லை, நடுவர் தீர்ப்பை எதிர்த்து முறையிட விதியில் இடமில்லை என்றனர். பரிசளிப்பு மேடையில் அவர் கண்ணீர் மல்கத் தம் வெண்கலப் பதக்கத்தை அவ்வீராங்கனையின் கழுத்திலேயே அணிவித்தார். அவர் மன்னிப்புக் கோரிய பின்னரும் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அழுதவர்க்குத் தண்டனை, அழவைத்தவர்க்கு அந்த ஒற்றை வரி அரண்!

தமிழர் மரபு இத்தகைய அரணை நடுவர்க்கு அமைத்துத் தரவில்லை. இறைவனின் பாட்டிலேயே குற்றம் கண்ட நக்கீரர், குற்றம் இன்னது என்று சங்கத்தார் முன்னிலையில் எடுத்துரைத்தார் என்கிறது திருவிளையாடற் கதை. சிலப்பதிகாரத்துப் பாண்டியனோ, அரசன் தீர்ப்பே இறுதியானது என்று கண்ணகியை வாயிலிலேயே நிறுத்தவில்லை. அவளை அழைத்தான்; கேட்டான்; சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது தன் பிழையை அவையறிய ஒப்பினான்; உயிரையும் துறந்தான். கோவலனைக் கொன்ற கொடுந்தீர்ப்பு அவனுடையதே. எனினும் இன்றளவும் அவன் மதிக்கப்படுவது அப்பிழையை மறைக்காமையால் அன்றோ?

ஆகவே செய்யத்தக்கது யாது? ஒவ்வொரு நடுவரின் புள்ளித் தாளும் சுற்றுதோறும் வெளியாக வேண்டும். அங்ஙனம் வெளியிட்டால் முந்தி நிற்பவர் கடைசிச் சுற்றுகளில் ஒதுங்கி ஓடுவர், சுவை கெடும் என்பர். சுவை சிறிது கெடட்டும்; நீதி கெடுவதினும் அது சிறிய இழப்பே. சுற்றை எதனால் ஒருவருக்கு அளித்தார் என்று நடுவர் எழுத்தில் விளக்க வேண்டும். முறையீட்டைக் கேட்க, அப்போட்டியில் தொடர்பில்லாத குழு ஒன்று இருத்தல் வேண்டும்.

இவை குத்துச்சண்டைக்கு மட்டும் உரியவை அல்ல. கெடாவின் தோட்டப்புறப் பள்ளியிலிருந்து பேச்சுப் போட்டிக்கு வரும் பிள்ளை, தோற்றபின் கேட்பது கோப்பையை அன்று; “எதில் குறைந்தேன்?” என்பதையே. அதற்கு விடையளிக்கும் நடுவர் அப்பிள்ளைக்கு ஆசிரியராகிறார். ஒற்றை வரியைக் காட்டி அனுப்பும் நடுவர் அநீதியின் முதற்பாடத்தைக் கற்பிக்கிறார். நாளை நடுவர் இருக்கையில் அமரப்போகும் ஆசிரியர்களும் மாணவர்களும் அவ்வரியோடு மற்றொரு வரியைச் சேர்த்து எழுதட்டும்: தீர்ப்புக்குரிய காரணம் அனைவர்க்கும் அறிவிக்கப்படும். அவ்வரியை எழுத அஞ்சுபவர் அவ்விருக்கையில் அமரத் தகுதியற்றவர்.