கொம்பு இடம் மாறிய பதாகை



2022 நவம்பரில் நடைபெற்ற 15ஆவது பொதுத்தேர்தலின்போது எங்கள் பள்ளி வாசலுக்கு எதிரே ஒரு பதாகை தொங்கியது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழிகள். முதல் மூன்றும் தெளிவாக இருந்தன. நான்காவது வரியில் 'மேம்பாடு' என்ற சொல்லின் இரட்டைக் கொம்பு மகரத்திற்குப் பின்னால் போய் நின்றது. புள்ளிகள் எழுத்தின் தலைமேல் அமராமல் பக்கத்தில் சிதறிக் கிடந்தன. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்றுவிட்டு, "ஐயா, இது தமிழா?" என்று கேட்டாள். பரப்புரைக் காலமான 14 நாளும் அது அங்கேயே தொங்கியது.

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

தேர்தல் பரப்புரைக்கென வடிவமைப்பு நிறுவனங்களை அமர்த்துவது இன்று உலகெங்கும் உள்ள வழக்கம். 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் பராக் ஒபாமாவின் முதல் எழுத்தையே உதயசூரியனாக மாற்றிய சின்னத்தைச் சிகாகோவைச் சேர்ந்த சோல் செண்டரின் நிறுவனம் உருவாக்கியது. அது பலரும் அறிந்த கதை. எனக்கு அதைவிடப் பிடித்தது, பத்தாண்டுக்குப் பின் நியூயார்க்கில் டாண்டம் என்னும் சிறிய வடிவமைப்புக் கூடம் செய்த பணியாகும்.

அலெக்சாண்டிரியா ஒகாசியோ-கோர்டெஸ் அப்பொழுது 28 வயதுப் பெண்மணி. பிரான்க்ஸ், குவீன்ஸ் வட்டாரங்களை உள்ளடக்கிய தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஜோ குரோலியை எதிர்த்து நின்றார். குரோலி பத்து முறை வென்றவர். 14 ஆண்டுகளாக அவரை உட்கட்சித் தேர்தலில் எதிர்க்க ஒருவரும் இல்லை. டாண்டம் கூடத்தார் அமெரிக்க அரசியலின் வழக்கமான சிவப்பு, நீலக் கூட்டணியை விட்டுவிட்டு, ஊதாவும் மஞ்சளும் கொண்டு சுவரொட்டியை அமைத்தனர். பெயர் மேல்நோக்கிச் சாய்ந்து ஏறியது. முகம் நம்மைப் பாராமல் தொலைவை நோக்கியது. 1960களில் சீசர் சாவேசும் டோலோரஸ் உவேர்த்தாவும் நடத்திய பண்ணைத் தொழிலாளர் போராட்டத்தின் சுவரொட்டிகளிலிருந்து அவர்கள் ஊக்கம் பெற்றார்கள்.

மொழி ஆசிரியர் என்ற முறையில் என் கண் நின்ற இடம் வேறு. ஸ்பானிய மொழியில் வியப்புக்குறி சொற்றொடரின் தொடக்கத்தில் தலைகீழாகவும் முடிவில் நேராகவும் வரும். ஆங்கிலத்தில் அந்தத் தலைகீழ்க் குறியே கிடையாது. அந்தக் குறியைத்தான் டாண்டம் எடுத்துச் சின்னத்தின் உறுப்பாக்கியது. தொகுதி மக்களுள் ஏறத்தாழ பாதிப்பேர் ஸ்பானிய மரபினர். சுவரொட்டிகள் இரு மொழிகளிலும் அச்சாயின. ஆங்கிலத்தில் எல்லாம் முடிந்தபின் கீழே கிடைத்த இடத்தில் திணிக்கப்பட்ட இரண்டாம் மொழியாக ஸ்பானியம் அங்கே இல்லை. அந்தத் தாய், தந்தையருக்குத் தம் வீட்டு மொழி தெருவில் தலைநிமிர்ந்து நிற்பதைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

2018 ஜூன் 26இல் அவர் ஏறத்தாழ 57 விழுக்காட்டு வாக்குகளுடன் வென்றார். சுவரொட்டிதான் வென்றது என்று சிலர் எழுதினர். அது மிகை. வீடு வீடாகக் கதவைத் தட்டியவர்களின் உழைப்பைத் தாளும் மையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன்பின் வேறு வேட்பாளர்கள் பலர் சாய்ந்த எழுத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டார்கள். அந்த எழுத்து ஏன் சாய்ந்தது என்று அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி நம் தெருவுக்கு வருவோம். தமிழ் எழுத்து சிதைவதற்குக் காரணம் பெரும்பாலும் பகைமை அன்று, கவனமின்மையே. இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வடிவமைப்பு மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டினால், கொம்பு எழுத்துக்கு முன் வராமல் பின்னே நிற்கும். திருத்துவது ஐந்து நிமிட வேலை. ஆனால் பிழையைக் காண்பதற்குத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு கண் வேண்டும். 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் பிறந்த நாடு இது. ஆப்பிள் கணினியில் உள்ள 'இணைமதி' எழுத்துருவும் அவர் கைவண்ணமே. அத்தகைய நாட்டில் இந்தச் சிதைவுக்குத் தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல நமக்கு வாய் ஏது?

என் பங்கைச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பதாகை அச்சாகும் முன் இரவு, என் மாணவன் ஒருவனின் தந்தை புலனத்தில் அதன் படத்தை அனுப்பி, "ஐயா, தமிழ் சரியா என்று கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்டார். நான் அரசு ஊழியர், எந்தக் கட்சியின் பரப்புரையிலும் கை வைக்கமாட்டேன் என்று பதில் எழுதினேன். படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. நெறிப்படி நடந்ததாகப் பெருமிதம் வேறு. மறுநாள் அந்த மாணவியின் கேள்வி என்னைச் சுட்டது. கட்சிக்கு வாக்குக் கேட்பது வேறு. ஒரு கொம்பை அதன் இடத்தில் வைப்பது வேறு. இரண்டையும் பிரித்தறிய எனக்கு 14 நாள்கள் தேவைப்பட்டன.

அதன்பின் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு பாடவேளையைச் சுவரொட்டிக்கு ஒதுக்கினேன். கட்சிப் பெயர்களை மறைத்துவிட்டேன். யாரிடம் பேசுகிறது? எந்த மொழி பெரிதாக உள்ளது, எது சிறிதாக உள்ளது? எதைச் சொல்லாமல் விட்டது? பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எதற்கு இது என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். வாக்களிக்கும் வயது இப்பொழுது 18. இவர்களுக்கு இன்னும் ஆறே ஆண்டுகள். அழகான பதாகையில் மயங்குவதும் ஆபத்து, தம் மொழியைக் கொச்சையாக அச்சிட்டவரிடம் ஒன்றும் கேட்காமல் நகர்வதும் ஆபத்து. பெற்றோர்களே, காரில் போகும்போது பிள்ளைகளிடம் அந்தத் தமிழ் வரியைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்க முடியாவிட்டால் அச்சிட்டவரின் பரப்புரை மையத்தில் நின்று சொல்லுங்கள்.

2023 ஆகஸ்டு 12இல் சிலாங்கூர் உட்பட ஆறு மாநிலங்களில் தேர்தல் நடந்தபோது அதே தந்தை மீண்டும் வந்தார், இம்முறை அச்சகத்தின் மாதிரித் தாளோடு. வாசகத்தை நான் எழுதித் தரமாட்டேன், எழுத்தை மட்டும் பார்ப்பேன், எதிர்த்தரப்பினர் கேட்டாலும் இதையே செய்வேன் என்றேன். ஒரே ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. சிவப்பு மையால் வைத்துக் கொடுத்தேன். எதிர்த்தரப்பிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்களின் பதாகையில் கொம்பு பின்னால்தான் நின்றது.