வலியைப் பொறுப்பதா பெருமை?

'பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா?' பதினைந்து வருடங்களுக்கு முன் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது, பார்க்க வந்தவர்கள் சொன்னது இது. இரும முடியாமல், திரும்பிப் படுக்க முடியாமல் இரண்டு நாள் பல்லைக் கடித்துக் கொண்டு கிடந்தேன்.

சமீபத்தில் அதே ஆபரேஷன் என் மாமியாருக்கு. வயது 68. ஆஸ்துமா, சர்க்கரை, பலவீனமான சிறுநீரகம். போதாததற்கு இதயத்தில் ஸ்டென்ட். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அதை நிறுத்தவும் முடியாது. ஆபரேஷனை விட அதற்குப் பிறகு வரும் வலியை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டே விட்டேன். பொறுமையாக விளக்கினார். வழக்கமான வலி ஊசிகளில் சில, சிறுநீரகத்தைப் பாதிக்கும். மார்ஃபின் வகை மருந்து அதிகமானால் மூச்சு மந்தமாகும். முதுகில் குழாய் வைத்து மருந்து செலுத்தலாமென்றால், அந்த மாத்திரையால் தண்டுவடத்தின் அருகே ரத்தம் கசியும் ஆபத்து. அதனால் 'டாப் பிளாக்' போடலாம் என்றார். வயிற்றுத் தசை அடுக்குகளுக்கு நடுவே ஓடும் நரம்புகளை, ஸ்கேனில் பார்த்தபடியே இரண்டு பக்கமும் ஊசி போட்டு மரத்துப் போகச் செய்வார்களாம். 2001-ல் ரஃபி என்ற டாக்டர் எழுதிய முறையிலிருந்து வளர்ந்ததாம். தையல் போட்ட இடத்து வலி அடங்கும். உள்வலிக்குப் பாரசிட்டமாலும், தேவைப்பட்டால் குறைந்த அளவில் வேறு மருந்தும் தருவார்கள்.

அத்தையோ, "எதுக்கும்மா வீண் செலவு? நான் பொறுத்துக்கறேன்" என்றார்.

"நீங்க பொறுத்துப்பீங்க அத்தை, உங்க நுரையீரல் பொறுக்குமா?" என்றேன். வலிக்குப் பயந்து இருமாமலிருந்தால் சளி கட்டி நிமோனியா வரலாம். நடக்காமல் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம்.

மறுநாள் காலை தலையணையை வயிற்றோடு அணைத்தபடி நன்றாக இருமினார். மாலையில் என் கையைப் பிடித்துக் கொண்டு பாத்ரூம் வரை நடந்தார். ஊசியின் வேகம் குறைந்ததும் வலி எட்டிப் பார்த்ததுதான். ஆனால் தாங்கக் கூடியதாக இருந்தது.

எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த வசதி இருக்காது. எல்லோருக்கும் இது பொருந்தவும் பொருந்தாது. ஆனால் கேட்பதில் என்ன தப்பு? கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும் நாம், ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம், "இவங்களுக்கு இந்தந்த நோய் இருக்கு, இந்தந்த மாத்திரை சாப்பிடறாங்க. வலிக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்க ஏன் தயங்க வேண்டும்?

நாம் பொறுத்த வலியை நம் வீட்டுப் பெண்களும் பொறுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லையே, சகோதரிகளே!

- ஒரு வாசகி, கும்பகோணம்.