மார்கழிக்கு ஒரு சுக்குமல்லிப் பொட்டலம்



கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று மூன்றே வாரத்துக்குள் மூன்று விசேஷங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. தீபாவளிக்கு வாங்கிய கடனையே பல வீடுகளில் இன்னும் அடைத்து முடித்திருக்க மாட்டார்கள். அக்கா வீடு, தங்கையின் மாமியார் வீடு, எதிர்வீட்டுக் குழந்தைகள், வீட்டு வேலைக்கு உதவும் அம்மா, விடுதியில் தங்கிப் படிக்கும் அண்ணன் மகன் என்று கொடுக்க வேண்டியவர்களை எண்ணிப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. கொடுக்க மனசில்லாமல் இல்லை, கையில்தான் காசு இல்லை. இந்தச் சங்கடத்தோடு இதழைப் பிரிப்பவர்களுக்காகத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

வீட்டிலேயே செய்தால் செலவே இல்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை. ஆளுக்கொரு பலகாரம், ஆளுக்கொரு டப்பா என்று இறங்கினால் எண்ணெய்க்கும் நெய்க்கும் சிலிண்டருக்கும் ஆகும் செலவு கடைப் பெட்டியின் விலையை எட்டிவிடும். என் யோசனை இதுதான்: ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். அதை ஒரே நாளில், ஒரே அடுப்பில், எல்லோருக்கும் சேர்த்துச் செய்யுங்கள். அந்தப் பொருள் எது என்பதை மளிகைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாமல், வாங்கப் போகிறவர்களின் ஒரு நாளை நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இப்போது மார்கழி. அதிகாலையில் எழுந்து கோலம் போடுகிறவர்களும், முதல் பேருந்தைப் பிடித்து வேலைக்குப் போகிறவர்களும், இரவுப் பணியை முடித்துப் பனியில் நடந்து வருகிறவர்களும் எல்லாருடைய சொந்தபந்தத்திலும் உண்டு. அவர்களுக்குச் சுக்குமல்லிப் பொடியைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தோன்றவில்லை. 200 கிராம் தனியா, 50 கிராம் சுக்கு, இரண்டு மேசைக்கரண்டி மிளகு, பத்து ஏலக்காய் போதும். கொஞ்சம் திப்பிலி சேர்த்தால் தொண்டைக்கு இன்னும் இதம். சுக்கின் மேல்தோலைச் சீவிவிட்டு முதலில் உரலில் இடித்துக்கொள்ளுங்கள்; முழுதாகப் போட்டால் மிக்ஸியின் பிளேடு தாங்காது. தனியாவையும் மிளகையும் வாசனை வரும்வரை வெறும் வாணலியில் வெதுப்பி, நன்றாக ஆறிய பிறகு எல்லாவற்றையும் கொரகொரப்பாகத் திரித்தால் ஆளுக்கு 50 கிராம் வீதம் ஐந்து பேருக்கு வரும். சூடாக இருக்கும்போதே கட்டினால் பொட்டலத்துக்குள் வியர்த்துக் கட்டிபட்டுவிடும்.

பொட்டலத்தோடு ஒரு சீட்டும் வையுங்கள்: 'ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பொடி. முக்கால் டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, கருப்பட்டி சேர்த்து வடிகட்டவும்.' முடிந்தால் ஒரு துண்டுக் கருப்பட்டியும் உடன் வைக்கலாம். வாங்குபவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் பொடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கருப்பட்டியும் இனிப்புதான், அதைக் கொடுத்துவிட்டு 'இது ஒன்றும் செய்யாது' என்று சொல்லக் கூடாது. சர்க்கரை இருப்பவர் வீட்டுக்கு எல்லோரும் இனிப்பையே தூக்கிக்கொண்டு போகும்போது, அவரை நினைத்து ஒருவர் வேறொன்றைச் செய்துவந்தால் அவருக்கு எவ்வளவு நிறைவாக இருக்கும்!

விடுதிப் பிள்ளைகளுக்குப் பருப்புப் பொடியோ புளிக்காய்ச்சலோ கொடுங்கள். புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை காய்ச்சி, ஈரக் கரண்டி படாமல் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. பருப்புப் பொடியில் தேங்காய் சேர்க்காதீர்கள், சீக்கிரம் சிக்கெடுத்துவிடும். இவற்றைப் போட்டுக்கொடுக்கப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பரண்மேல் ஹார்லிக்ஸ் பாட்டிலோ ஜாம் பாட்டிலோ இல்லாத தமிழ் வீட்டை நான் பார்த்ததில்லை. வெந்நீரில் கழுவி, மூடியையும் சேர்த்து ஒரு நாள் முழுக்க நல்ல வெயிலில் காயவைத்தால் பழைய வாசனை போய்விடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் நெருங்கினால் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் வீட்டுக்கு வீடு தட்டில் போகும். பெயரில்தான் முந்திரி, உள்ளே வறுத்துத் திரித்த சிறுபயறு, வெல்லப்பாகு, தேங்காய், ஏலம். உருண்டைகளை மூன்று மூன்றாக மாவில் முக்கி எண்ணெயில் போடும்போது அவை ஒட்டிக்கொண்டு கொத்தாக வரும். விலை உயர்ந்த எதுவும் அதில் இல்லை. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று நம் ஊர்களில் ஒரு வழக்கமும் உண்டு. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். என்ன விலை இருக்கும் என்று யாரும் கணக்குப் பார்க்காத அந்தக் கொடுக்கல் வாங்கலை, அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்த பிறகும் நாம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

அடுப்புப் பக்கமே போகாமல் செய்யக் கூடியவையும் உண்டு. போகியன்று தீயில் போடப் பழந்துணிகளை ஒதுக்கி வைத்திருப்பீர்கள். அந்த மூட்டையை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பழைய எட்டு முழ வேட்டி ஒன்றில், நைந்த இடங்களைக் கழித்தாலும், எட்டுப் பைகளாவது தேறும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் அரசு தொடங்கியது. ஆனாலும் கையில் பையில்லாமல் கடைக்குப் போகும் பழக்கம் நம்மை விடவில்லை. வாசலில் மாட்டிவைக்கக் கைக்கு அடக்கமான ஒரு பை இருந்தால் எடுத்துக்கொண்டு போவார்கள். மஞ்சள் தூளில் சாயம் ஏற்றினால் பார்க்க அழகுதான். ஆனால் வெயிலில் வெளுக்கும், சோப்புப் பட்டால் சிவக்கும். அதனால் வெள்ளையாகவே தைத்து, வாங்கப் போகிறவரின் பெயரின் முதல் எழுத்தைக் கலர் நூலில் ஓரமாகப் போட்டுக் கொடுங்கள்.

தோட்டமோ மாடியில் நாலு தொட்டியோ வைத்திருப்பவர்கள் விதை கொடுக்கலாம். கொடியிலேயே ஒரு பீர்க்கங்காயை முற்றிக் காயவிட்டால், குலுக்கும்போது உள்ளே விதைகள் சலசலக்கும். நன்கு பழுத்த கத்தரியின் விதைகளைக் கழுவி, சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தலாம். தைப்பட்டத்துக்கு விதைக்கிறவர்கள் கைக்கு இவை பொங்கலுக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது. மடித்த காகிதத்தில் செடியின் பெயரையும் விதை எடுத்த மாதத்தையும் மறக்காமல் எழுதுங்கள்.

ஒரு குறிப்பேட்டையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. புதிதாகக் குடித்தனம் போன மகனோ மகளோ இருந்தால், உங்கள் வீட்டுச் சமையலில் இருபது பக்குவங்களைக் கையால் எழுதிக் கொடுங்கள். பாட்டி ஆழாக்கில் சொன்னால் அப்படியே எழுதி, பக்கத்தில் 168 மில்லி என்று குறித்துவிடுங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி. 'கை அளவு உப்பு' என்று அம்மா சொல்வதை ஒருமுறை கரண்டியில் அளந்து பாருங்கள். இந்த நோட்டுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் நாள் பிடிக்கும், பெரியவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். வயதான தாய்தந்தையருக்கு இது நீங்கள் தரும் பரிசாகவும் ஆகிவிடுகிறது.

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தலைப்பொங்கல் சீருக்காக வட்டிக்குக் கடன் வாங்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். வெண்கலப் பானையும் கரும்புக் கட்டும் கணக்குக்குக் குறைந்தால் மகளுக்குப் பேச்சு விழுமோ என்று பயப்படுகிறார்கள். இந்தப் பயத்தைப் பெண் வீட்டாரால் போக்க முடியாது. வாங்கிக்கொள்கிற வீட்டுப் பெரியவர்கள்தான் முன்கூட்டியே போன் செய்து, "சம்பந்தி, பச்சரிசியும் வெல்லமும் மஞ்சள்கொத்தும் போதும், நீங்க வந்து ஒருவேளை சாப்பிட்டுப் போங்க" என்று சொல்ல வேண்டும். இதைப் படிக்கும் மாமனார் மாமியார்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்: இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் செய்வது என்றால் அம்மாவின் தலையில் இன்னொரு வேலை என்று ஆகிவிடவும் கூடாது. இடிப்பதும் சலிப்பதும் அப்பா செய்யட்டும். பிள்ளைகள் பொட்டலம் கட்டட்டும், சீட்டு எழுதட்டும். மூங்கில் பிளாச்சும் பட்டத் தாளும் வாங்கிக் கொடுத்தால் பெரிய பிள்ளைகள் வாசலில் தொங்கவிட நட்சத்திரமே செய்துவிடுவார்கள். ஐந்து ஐந்து குச்சியாக இரண்டு நட்சத்திரம் கட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து முனைகளைப் பிணைத்து, நடுவில் ஐந்து குட்டைக் குச்சிகளை முட்டுக் கொடுத்தால் புடைத்து நிற்கும். உள்ளே மெழுகுவத்தி வேண்டாம், சின்ன எல்.இ.டி. பல்பு போதும்.

வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் கண்ணாடிப் பாட்டிலைத் தவிர்த்துவிடுங்கள். பொடியை இரண்டு உறைகளில் கட்டி, துணியில் சுற்றித் தையுங்கள். பொங்கல் நெருங்க நெருங்க அஞ்சலகத்தில் கூட்டம் சேரும் என்பதால் ஜனவரி முதல் வாரத்துக்குள் அனுப்பிவிடுவது நல்லது. அப்படியே இரண்டு அஞ்சல் அட்டைகள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றில் ரொம்ப நாளாகப் பேசாத ஒருவருக்குப் பொங்கல் வாழ்த்து எழுதுங்கள். இன்னொன்றில் நீங்கள் என்ன செய்தீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். தை இதழில் உங்கள் பக்குவங்களுக்காக இரண்டு பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்